குழாயில் வந்த பாவம்

சமுதாயக் கூடத்தில் எள் விழ இடமில்லை. ஜன்னலில் தொங்கியவர்கள் போக, அவர்கள் தோளில் தொங்கியவர்களும் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்தையே சாத்திவிட்டு வந்திருந்தார். பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவ்வப்போது ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். பக்திப் பரவசம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பரவசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு மாதமாக எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. நாற்றத்தோடு வந்தது. சில நாள் வால் முளைத்த ஏதோ ஒன்றும் நீந்திக்கொண்டு வந்தது. தண்ணீர் வாரியத் தலைவரிடம் போய்ச் சொன்னார்கள்.

"கொஞ்ச நேரம் தொறந்து விடுங்க, சரியாயிடும்" என்றார்.

திறந்து விட்டார்கள். தொட்டி காலியானதுதான் மிச்சம்.

"தண்ணியச் சோதனைக்கு அனுப்புங்களேன்" என்றார்கள்.

"சோதனை பண்ணா ஏதாவது இருக்குன்னு வந்துடும். நமக்கெதுக்கு வம்பு?" என்றார். ஒளிவுமறைவில்லாத மனிதர்.

இந்த நிலையில்தான் நீர்ஞானி வந்து இறங்கினார். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, வெள்ளை வேன். மேடையில் ஒரு பெட்டியை வைத்தார். அதிலிருந்து இரண்டு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து ஒரு ஒயர் போய் சுவரில் செருகிக்கொண்டது. ஞானத்துக்கு எதற்குக் கரண்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"உங்க தண்ணியில அழுக்கே இல்ல" என்றார் நீர்ஞானி. முன்வரிசையில் தலைவர் பலமாகத் தலையாட்டினார். "இருக்கறது பாவம்! நீங்க செஞ்ச பாவம்தான் உங்க குழாய் வழியா உங்களுக்கே திரும்பி வருது!"

ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதில் கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போட்டார். தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, கருப்பு நுரை கக்கியது. கூட்டம் "ஆ!" என்றது. அடுத்து, தம் வேனிலிருந்து எடுத்த 'தெளிநீர்' கேனிலிருந்து ஒரு டம்ளர். கம்பியை இறக்கினார். கண்ணாடி போல் அப்படியே இருந்தது. கூட்டம் "ஓ!" என்றது. ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நேரம் இல்லை. வரிசையில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

"கேன் வாங்கறதுக்கு முன்னாடி செஞ்ச பாவத்தைச் சபையில சொல்லிடணும்" என்றார் நீர்ஞானி.

சொன்னார்கள்! ரொட்டிக் கடைக்காரர், தம் ரொட்டியில் மாவைவிட ஓட்டைதான் அதிகம் என்று விம்மினார். ஒருவர் தம் மைத்துனரைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, உன் கல்யாணத்துக்கு நான் குடுத்த கடிகாரம் எங்க வீட்டுல ஓடாமக் கெடந்ததுடா" என்று அழுதார். "தெரியும் மச்சான், உங்க பொண்ணு கல்யாணத்துக்கு அதைத்தான் திருப்பிக் குடுத்தேன்" என்று மைத்துனரும் அழுதார். பால்காரர் எழுந்தபோது மட்டும், "நீ உக்காருப்பா, உன் பாவத்தைத்தான் தினமும் குடிக்கறோமே" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் ஒரு பலகை தொங்கியது: 'குடிநீர் பற்றிய புகார்களுக்கு முதலில் உங்கள் மனசாட்சியை அணுகவும்.'

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பெண்மணிக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. அவருடைய நாலு வயது மகள் மூன்று நாளாகக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. டாக்டர், தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, சொன்ன அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார். கணவர் பஸ் டிரைவர். அவர் ஒரு தெளிநீர்க் கேனைத் தோளில் சுமந்து வந்து நின்றார்.

"என் பாவமா, உன் பாவமான்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டுமேன்னு வாங்கிட்டேன்."

"பஸ்ஸை ஸ்டாப்பைத் தாண்டித் தாண்டி நிறுத்துவீங்களே, அந்தப் பாவமா இருக்கும். கொண்டாங்க, பார்க்கவாவது சுத்தமா இருக்கு."

அந்தத் தண்ணீரையே காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் கலந்து, டம்ளரில் ஊற்றி மேஜையில் ஆற வைத்தார். வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது. கேன் வாங்கியவர் வீடுகளுக்கு நீர்ஞானியே நேரில் வந்து பாவ மிச்சம் பார்ப்பது வழக்கமாம். உள்ளே வந்தார், பெட்டியைச் செருகினார், மேஜையில் இருந்த டம்ளருக்குள் கேட்காமல் கொள்ளாமல் கம்பிகளை விட்டார்.

தண்ணீர் கருத்தது. கூடத்தில் காட்டியதைவிட வேகமாக, கன்னங்கரேலென்று.

"அடடா! இவ்வளவு பாவத்தை நான் எந்த வீட்டுலயும் பார்த்ததில்ல. யாருக்கு வெச்ச தண்ணி?"

"கொழந்தைக்கு."

"அப்ப கொழந்தையோட பாவம்தான்."

"நாலு வயசுக் கொழந்தை என்னங்க பாவம் பண்ணிடும்? செவுத்துல கிறுக்கினதா?"

"பரம்பரைப் பாவம்மா. இன்னும் நாலு கேன் எடுத்துக்குங்க."

வேன் போனதும் பஸ் டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எங்க தாத்தா யாரையோ ஏமாத்தினாருன்னு சொல்லுவாங்க..."

"உங்க தாத்தாவை விடுங்க" என்றார் மனைவி. கருத்த டம்ளரை எடுத்துக் கணவர் முன்னால் ணங்கென்று வைத்தார். "கொழந்தை குடிக்கற தண்ணியில கம்பிய விட்டுட்டுப் போறான். அது எந்தத் தண்ணி?"

"டம்ளர் தண்ணி."

"டம்ளருக்கு எங்கேருந்து வந்துச்சு?"

டிரைவர் கேனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி கேனைப் பார்த்தார். "அவரோட தண்ணி!"

"நான் போட்டது உப்பும் சக்கரையும். பாவம் எதுல இருக்குன்னு பார்த்துடலாம்."

கேனிலிருந்து புதிதாக இன்னொரு டம்ளர் கலந்து மகளுக்குப் புகட்டினார். அவள் தூங்கியதும் பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டுக் கணவரோடு கூடத்துக்குப் போனார். அங்கே வழக்கம்போல் ஆ-வும் ஓ-வும் நடந்துகொண்டிருந்தன. இரண்டு டம்ளர்களை மேடையில் வைத்தார். இரண்டிலும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"சாமி, இதுல ஒண்ணு நல்லவங்க வீட்டுத் தண்ணி, ஒண்ணு கெட்டவங்க வீட்டுத் தண்ணி. எது எதுன்னு சொல்லுங்க."

நீர்ஞானிக்கு உற்சாகம் பிறந்தது. முதல் டம்ளர் தெளிவாகவே நின்றது. "உத்தமர்!" என்றார். இரண்டாவது கருப்பாகப் பொங்கியது. நீர்ஞானி இரண்டடி பின்வாங்கினார். "மகாபாவி! ஊரை ஏமாத்திப் பொழைக்கறவன்! இவனை இந்த ஊர்ல ஒரு நிமிஷம் விட்டு வைக்கக் கூடாது!"

"யார்றா அவன்?" என்று கூட்டம் எழுந்துவிட்டது. பால்காரர் மட்டும் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"ரெண்டும் நீங்கதான் சாமி" என்றார் கண்ணாடிக் கடைக்காரி. "ரெண்டும் உங்க கேன் தண்ணி. இப்பத்தான் வாசல்ல நாலு பேர் முன்னாடி புதுக் கேனோட சீலை உடைச்சு ஊத்தினேன். ரெண்டாவதுல ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்."

கூட்டம் இந்த முறை ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் கொஞ்சம் யோசித்தது.

"உப்புப் போட்ட கை பாவக் கை!" என்று கத்தினார் நீர்ஞானி.

"அப்ப உங்க கையாலயே போடுங்க." உப்பு டப்பாவை நீட்டினார். நீர்ஞானி தம் கைகளை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டார். வேறு யார் போட்டார்கள் என்கிறீர்கள்? பால்காரர் போட்டார். கருத்தது. கைக்குழந்தையின் விரலைப் பிடித்துப் போட வைத்தார்கள். அதே கருப்பு. பஸ் டிரைவர் ஒரு கம்பியை உருவித் துடைத்துக் காட்டினார். எலி கடித்த மாதிரி அரித்துப்போயிருந்தது.

"கரையறது கம்பிங்க! அந்தத் துருதான் கருப்பா எறங்குது!"

"ஆமா, உப்பு இருந்தா கரண்ட் நல்லாப் பாயும், இரும்பு கரையும். நம்ம குழாய்த் தண்ணியிலயும் உப்பு உண்டே" என்றார் தலைமையாசிரியர். "எட்டாங்கிளாஸ் பாடம். வருஷாவருஷம் நான்தான் நடத்தறேன்."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"அது பரீட்சைக்குன்னுல்ல நெனச்சேன்!"

வேன் டிரைவரை நாலு பேர் சூழ்ந்ததும், தெளிநீர் என்பது வண்டி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்றும், உப்பெல்லாம் நீக்கியது என்றும், இவர்களை வரவழைத்தவர் தலைவர்தான் என்றும், யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.

"கருப்பு கம்பியிலேருந்து வந்துச்சு. சரி. மஞ்சள் எங்கேருந்து வருது?" என்று கேட்டார் கண்ணாடிக் கடைக்காரி.

கூட்டம் மொத்தமும் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தது. பஸ் டிரைவர் ஏணியில் ஏறிப் பார்த்தார். மூடி இல்லை. உள்ளே செத்த புறாக்கள். கீழே, குடிநீர்க் குழாய் விரிசல் விட்டு, சாக்கடைக்குள் சுகமாகப் படுத்திருந்தது. தொட்டியில் போட வேண்டிய குளோரின் பவுடரைத் தேடினார்கள். அது தலைவர் வீட்டு நீச்சல் குளத்தில் இருந்தது. குளம் வானம் மாதிரி நீலமாக இருந்தது.

"மூடி போட்டா தண்ணிக்கு மூச்சு முட்டுமேன்னு..." என்றார் தலைவர்.

யாரோ ஒரு டம்ளர் ஊர்த் தண்ணீரை அவர் முன் நீட்டினார்கள். "எனக்கு வயிறு சரியில்ல" என்றார். நீர்ஞானிக்கும் நீட்டலாம் என்று திரும்பினால், தூரத்தில் வெள்ளைத் தாடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஆள் அதைவிட முன்னால் போயிருந்தார். பக்கத்து ஊரில் போலீஸ் பிடித்தது.

தண்ணீர் சோதனைக்குப் போனது. இருக்கக்கூடாதது எல்லாம் இருந்தது, இருக்க வேண்டிய குளோரின் இல்லை என்று பதில் வந்தது. தலைவர் பதவி போனது, வழக்கு வந்தது. தொட்டியைக் கழுவி மூடினார்கள், குழாயை மாற்றினார்கள். கண்ணாடிக் கடைக்காரியின் மகள் தேறி, சுவரில் மீதி இடத்தையும் கிறுக்கி முடித்தாள்.

இவ்வளவுக்கும் பிறகு என்னிடம் ஒருவர் கேட்கிறார்: "அந்த ஆளு போலிதான். ஆனா பாவத்தைச் சொன்னதும் மனசு லேசான மாதிரி இருந்துச்சே, அது எப்படி?"

ஐயா, லேசானது மனசு இல்லை, பர்ஸ். தண்ணீரை வடிகட்டக் கடையில் துணி கிடைக்கிறது. பேச்சை வடிகட்டக் கழுத்துக்கு மேலே ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதை முடி வெட்டிக்கொள்ள மட்டும் பயன்படுத்தினால் எப்படி?