சகலையைவிட ஐந்நூறு கம்மி

மணி ஒன்பது. லாரி வரவில்லை.

கடிகார ரிப்பேர்க்காரருக்கு நேரம் தவறினால் பொறுக்காது. அதுவும் இன்று வீடு மாற்றுகிற நாள். சொந்தச் சாமான்களோடு, ரிப்பேருக்கு வந்து சரிசெய்து வைத்த ஊரார் கடிகாரங்கள் முப்பதும் போயாக வேண்டும். ஒன்று கெட்டாலும் இருபது வருஷமாகச் சம்பாதித்த நல்ல பேர் போய்விடும்.

"அந்தக் கம்பெனியைப் பத்தி விசாரிச்சீங்களா? வண்டி நம்பராவது வாங்கினீங்களா?" என்றாள் மனைவி.

"அதான் ரசீது இருக்கே!"

ரசீது அவருடையதே இல்லை. சகலையுடையது. மனைவியின் அக்காவைக் கட்டிய அந்தப் பெரிய மனிதர் போன மாதம் புது வீட்டுக்குப் போனார். அங்கே நடந்த விருந்தில் எல்லார் முன்னாலும் ரசீதை ஆட்டிக் காட்டினார். "போன்ல ஒரே தட்டு! லாரி வாசல்ல வந்து நின்னுது. பாதி வாடகைதான்!"

மாமியார் பூரித்துப்போனார். "மூத்த மாப்பிள்ளை சாமர்த்தியம் யாருக்கு வரும்?" என்றவர், சொன்னதோடு விடாமல் இவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு இவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வயிறு அப்படி எரிந்தது. யாருக்கும் தெரியாமல் ரசீதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதிலிருந்த நம்பரில் பேரம் பேசி, சகலை கொடுத்ததைவிட ஐந்நூறு குறைத்தார். அந்தப் பக்கம் மறுபேச்சே இல்லை. முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்டார்கள், அவ்வளவுதான். ஜெயித்த சந்தோஷத்தில் அனுப்பிவிட்டார்.

"எதுக்கும் அக்கா வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"அவரையா? அதுக்கு நான் பீரோவைத் தலையில சுமந்துட்டே போவேன்!"

பத்து மணிக்குக் கம்பெனிக்காரன் கூப்பிட்டான். "வண்டி பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டுது சார். டீசலுக்குக் கொஞ்சம் அனுப்புங்க. சாமானையெல்லாம் கீழ இறக்கி வைங்க, வந்ததும் ஏத்திடலாம்."

பணத்தை அனுப்பினார். சாமானை இறக்கினார். இரண்டு மாடி இறங்கி, பீரோ, கட்டில், கடிகாரம் எல்லாம் நடைபாதைக்கு வந்தன. இதற்காகவே காத்திருந்த புதுக் குடித்தனக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரத்திலும் இவருக்குச் சகலை ஞாபகம்தான். செய்தி அனுப்பினார்: 'உங்க லாரிக் கம்பெனிதான். உங்களைவிட ஐந்நூறு கம்மி.'

மறுநிமிஷமே சகலை கூப்பிட்டார்.

"பாத்தியா, வயித்தெரிச்சல் தாங்கல!" என்று மனைவியிடம் சொல்லி, இவர் துண்டித்தார். மறுபடி வந்தது, துண்டித்தார். மூன்றாவது தடவை வந்தபோது விசிலடித்துக்கொண்டே துண்டித்தார்.

பிறகு கம்பெனிக்குப் போன் செய்தால், அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பன்னிரண்டு ஆனது. நடைபாதையில் முப்பது கடிகாரமும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தன. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "என்ன விலை சொல்றீங்க?" என்றார். மனைவி சோபாவில் உட்கார்ந்தபடி குடையை விரித்துக் கடிகாரங்களுக்குப் பிடித்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரசீதில் இருந்த விலாசத்துக்கு ஓடினார். அங்கே ஒரு தையல்காரர் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். போனிலிருந்த ரசீதை அவரிடம் காட்டினார்.

"லாரிக் கம்பெனியா? இங்க ஊசி நூலைத் தவிர ஒண்ணும் இல்லைங்க. எவனோ என் கடை விலாசத்தைப் போட்டு ஏமாத்திட்டிருக்கான்."

கடிகார ரிப்பேர்க்காரர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. "அவருக்கு மட்டும் எப்படிங்க லாரி வந்துது?" என்றார்.

தையல்காரர் தண்ணீர் கொடுத்தார்.

"அழாதீங்க சார். போன மாசம் இதே ரசீதோட ஒருத்தர் வந்து, இதே பெஞ்சுல உக்காந்து, 'ஒரே தட்டுல எல்லாம் போச்சே'ன்னு அழுதார். நான்தான் தள்ளுவண்டி பிடிச்சுக் கொடுத்தேன், ஏழு நடை அடிச்சார். போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஊருக்கே தெரிஞ்சாலும் பரவாயில்ல, என் சகலைக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு கெஞ்சிட்டுப் போனார்!"