துண்டுக்கடியில் எழுதிய பரீட்சை

நான் பரீட்சையில் காப்பியடித்தது ஒரே ஒரு முறைதான். பள்ளிக்கூடத்தில் இல்லை, முப்பத்து நாலு வயதில், கட்டிலில் படுத்துக்கொண்டு. கேள்வி என் சொந்தக் காலைப் பற்றியது. அதற்கும் பதில் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசி. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் மிளகுத் தரகன். ஒருநாள் அடுக்கின் உச்சி மூட்டையிலிருந்து மாதிரி எடுக்க, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் தாமதித்தார். "நகரு, நானே ஏறுறேன்" என்று கத்திவிட்டு ஏறினேன். அடுக்கு சரிந்தது. என் முதுகு கல்தரையில். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே இருந்தவை வேறு யாருடைய கால்களோ. தண்டுவடம் அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது. பயிற்சி செய்தால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். (இதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று அவரிடமே கேட்டேன்.)

பயிற்சி கொடுக்க எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்தவர் ஏலியம்மா சிஸ்டர். கூடத்தில் இடுப்புயரத்துக்கு இரண்டு மூங்கில்களை இணையாகக் கட்டவைத்தார். அவற்றைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். என் இடுப்பில் கட்டிய கான்வாஸ் பட்டையைச் சிஸ்டர் பிடித்துக்கொள்வார். கைக்கு வலுவேற்ற, கடைத் தராசின் இரண்டு கிலோ படிக்கல். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

"தெறி சொன்னா கால் வராது சாரே. பணி எடுக்கணும்" என்பார். தெறி என்றால் மலையாளத்தில் வசவு.

எனக்கு அவசரம். காரணம் என் மனைவி கோமதி. அவள் நாற்பது கிலோ தேறமாட்டாள். நான் ஒரு மூட்டை மிளகைவிடக் கனம். ஒரு நாளைக்குப் பத்து முறை என்னைத் தூக்கி உட்காரவைப்பாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவாள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதையும் அவள்மேலேயே காட்டுவேன். (வேறு யார் இருந்தார்கள், படிக்கல்லா?)

சனிக்கிழமைதோறும் பரீட்சை. நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சிஸ்டர் முதலில் வலது காலில், பிறகு இடது காலில், பென்சிலால் ஒரு விரலைத் தொடுவார். எந்த விரல் என்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியானால் பட்டை இல்லாமல், மூங்கிலையும் விட்டு நின்று பார்க்கலாம். நாலு சனிக்கிழமை தோற்றேன்.

மிளகுக்காரர்கள் நாங்கள் விலையை வாயால் பேசமாட்டோம். ஒரு துண்டைப் போர்த்தி, அதற்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்துப் பேசுவோம். கல்யாணமான புதிதில், ஆள் நிறைந்த வீட்டில் பேச வழியில்லாமல், இதைக் கோமதிக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். ஒரு விரல் பிடித்தால் சாயா வேண்டும். இரண்டு பிடித்தால் மாடிக்கு வா.

ஐந்தாவது சனிக்கிழமை நான் கண்ணை மூடியதும், என்மேல் கிடந்த துண்டுக்கடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியின் கை வந்தது. மூன்று விரல்களைப் பிடித்தது.

"நடு விரல்" என்றேன்.

ஐந்தையும் பிடித்தது. "சுண்டு விரல்."

"எந்தா சாரே! பத்தும் சரி!" சிஸ்டர் கை தட்டினார். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

மூங்கில்களுக்கு நடுவே நிறுத்திப் பட்டையை அவிழ்த்தார். கூடத்தின் அந்தக் கோடியில் கோமதி வெளிறிப்போய் நின்றாள்.

"ஏங்க, வேண்டாங்க. இன்னொரு வாரம் போகட்டுமே."

"நீ சும்மா இரு" என்று மூங்கிலை விட்டேன்.

ஒரு நொடி நின்றேன். பிறகு மறுபடியும் அடுக்கு சரிந்தது. இந்த முறை அடுக்கே நான்தான். தாங்க வந்த சிஸ்டர் எனக்கு அடியில் போனார். பக்கத்திலிருந்த ஸ்டூல் கவிழ்ந்தது. அதன்மேல் இருந்த மாதிரி மிளகு கூடமெங்கும் உருண்டது. கூடவே இருந்த படிக்கல் என் காலில் விழுந்தது.

"ஐயோ! என் விரல்!" என்று அலறினேன்.

"எந்த விரல்?" கீழேயிருந்து நசுங்கிய குரல்.

"இடது கால் சுண்டு விரல்! உயிர் போகுது, எந்த விரலாம்!"

கோமதி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கத்தினாள்: "நான் சொல்லல! சத்தியமா இந்தத் தடவ நான் சொல்லல!"

எனக்கடியிலிருந்து சிஸ்டரின் தலை எட்டிப் பார்த்தது.

"இந்தத் தடவயா?" என்றார் சிஸ்டர்.

அன்று எங்கள் இருவருக்கும் கிடைத்த திட்டில், நான் சிஸ்டருக்குக் கொடுத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. திட்டி முடித்து, என் வீங்கிய சுண்டு விரலை மடியில் வைத்துக்கொண்டு அவரே அழுதார். "வலிக்குதில்லே சாரே? நல்லா வலிக்குதில்லே?"

அவர் போனபின் கோமதியிடம் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய் என்று.

"ஒவ்வொரு தடவையும் தப்பாச் சொல்லிட்டு, கண்ணத் தொறந்து மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கறீங்க. என்னால தாங்க முடியல."



அடுத்த வாரத்திலிருந்து பரீட்சை நேரத்தில் கோமதிக்குச் சமையலறையில்தான் இடம். முதலிலிருந்து ஆரம்பித்தோம். விரல் விரலாகத் திரும்பி வந்தது, ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கு. ஒன்றரை வருடம் கழித்து, கம்பு ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு, சிஸ்டரைப் படகுத்துறைவரை நடந்து போய் வழியனுப்பினேன்.

இன்றும் வீட்டில் நான் எந்தக் கேள்விக்காவது சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் உடனே கேட்கிறார்கள்: "அம்மா, உங்க கை எங்க இருக்கு?"

எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெரு நெரிசலில் நடக்கும்போது அந்தக் கை என் தோள் துண்டுக்கடியில் வரும். ஐந்து விரலையும் பிடிக்கும். சுண்டு விரல் வலிக்கிறதா என்று கேள்வி.

"வலிக்குதுடி" என்று கத்துவேன்.

"அப்ப செரி, நடங்க" என்பாள்.