மெமோரியல் கிரவுண்டில் ரெண்டு நிமிஷம்

முதல் பந்து விழுவதற்கு முன்பே ஒரு கிரிக்கெட் மேட்சை டிராவாக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தங்கவயல் மெமோரியல் கிரவுண்டின் காவல்காரர். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் 'ரெண்டு நிமிஷம்'.

உலகப் போருக்குப் போய்த் திரும்பாத எங்கள் ஊர்க்காரர்களின் நினைவாக விடப்பட்ட கிரவுண்டு அது. கேட்டருகே ஆங்கிலத்தில் பேர்கள் வெட்டிய ஒரு கல். எந்த டீம் வந்தாலும் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு ரெண்டு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும். அப்புறம்தான் ஸ்டம்ப்பைக் கண்ணில் காட்டுவார். கையில் வாட்ச் கிடையாது, மனசுக்குள் எண்ணுவார். நடுவில் யாராவது இருமித் தொலைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

தொண்ணூறுகளில் நான் இயந்திரத் தொழிற்சாலை டீமின் விக்கெட் கீப்பர். தூசி பட்டால் எனக்குத் தும்மல் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று தரம் தும்மியதில், டாஸ் போடும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர் டீம் கேப்டன் என்னை அடிக்கவே வந்துவிட்டார்.

"அடுத்த வாட்டி மூக்க வூட்ல வச்சுட்டு வா தம்பி" என்றார் ரெண்டு நிமிஷம்.

கடுப்பில் கேட்டேன்: "இவங்க எந்தச் சண்டையில செத்தாங்கன்னாவது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"சண்டையா? இன்னா தம்பி, படிச்சவன்தானே நீ? 'ஃபாலன்'னு போட்டுகீது பாரு. வுழுந்தவங்க! அல்லாரும் ஷாஃப்டுல வுழுந்தவங்க!"

யாரோ புண்ணியவான் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவருக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறான். அவரோ பல வருஷம் ஷாஃப்ட் என்கிற ஆழக் குழி வழியாகத் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். எங்கள் ஊரில் ஒருவன் விழுந்தான் என்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் கல்லின் அடியில், பிட்சுக்குக் கோடு போட்ட சுண்ணாம்பு மிச்சத்தில், 'முனியன்' என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். கரையக் கரைய மறுபடி எழுதுவார். முனியன் அவரோடு வேலை பார்த்த கூட்டாளி, ஷாஃப்டில் விழுந்து போனவர்.

கிரவுண்டின் ஆண்டு விழா வந்தது. தலைமை தாங்க ஒரு ரிட்டயர்ட் ராணுவ அதிகாரி. முந்தின நாள் விழா செக்ரட்டரி அந்தச் சுண்ணாம்புப் பேரைப் பார்த்துவிட்டு, பந்தல் வேலைக்கு வந்திருந்த என்னிடம் குதித்தார்.

"நாளைக்குக் காலையில இது இங்க இருந்தா, அந்த ஆளுக்கு இங்க வேலை இல்லை. நீயே போய்ச் சொல்லு."

போனேன். 'ஃபாலன்' என்றால் போரில் மடிந்தவர்கள் என்று விளக்கினேன். அந்த வார்த்தையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இத்தினி நாளு வேற யாருக்கோவா நின்னுகினு இருந்தேன்?"

"ஆமாண்ணே."

"செரி வுடு, அவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதானே. முனியன் ஓரமாத்தான கீறான்? யாரு எடத்த அடைக்கிறான்?"

"அழிக்கலேன்னா உங்க வேலை போயிடும்ணே."

"போவட்டும்."

மறுநாள் முனியன் இன்னொரு பூச்சு சுண்ணாம்போடு பளபளவென்று இருந்தார். அதிகாரி மெடல்கள் குலுங்க வந்தார். பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கல்லின் அடியில் குனிந்து பார்த்தார்.

"இது யாரு? எந்த ரெஜிமெண்ட்?"

செக்ரட்டரி வாயைத் திறப்பதற்குள் நம்ம 'ரெண்டு நிமிஷம்' விறைத்து நின்று கத்தினார்: "செகண்ட் ஷிப்ட், சார்!"

"செகண்டா? அடடே! நானும் செகண்ட் பட்டாலியன்தான்!" என்று முனியனுக்கு ஒரு சல்யூட் அடித்தார் பெரியவர்.

செக்ரட்டரி என்னை முறைத்தார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். சொல்லவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ராணுவமே சல்யூட் அடித்த பேரை அழிக்கச் சொல்ல அப்புறம் யாருக்கும் துணிச்சல் இல்லை. வேலையும் பிழைத்தது.

கொஞ்ச நாளில் அடித்துப் பெய்த மழையில் பேர் கரைந்துபோனது. அப்போது 'ரெண்டு நிமிஷம்' காய்ச்சலில் படுத்திருந்தார். நானே பிரஷ்ஷை எடுத்துப் பாதி எழுதியிருப்பேன், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"எழுத்தா இது? கோழி கிளறின மாதிரி கீது! முனியன் பாத்தா சிரிப்பான்."

பிரஷ்ஷை நீட்டினேன். வாங்கவில்லை. "செரி செரி, நீயே முடி" என்று, நடுங்கிக்கொண்டே எனக்குச் சுண்ணாம்பு டப்பாவைப் பிடித்தார். அந்தப் பிரஷ்ஷை அவர் வேறு யாரையும் தொடவிட்டு நான் பார்த்ததில்லை.