கை பத்திரம்

சாயங்காலம் ஐந்து மணிக்குள் சிக்கந்தரை உதைக்க ஓர் ஆள் வேண்டும். மீரா சாஹிப் கல்லாவை மனைவி ஜொஹரா பீவியிடம் தள்ளிவிட்டு, டெலிபோனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“பாரிட் புந்தார்ல உங்க ஆளு ஒருத்தன் நல்லா உதைப்பானே, அவன அனுப்பு மச்சான். நாட்டுக்காகக் கேக்குறேன்.”

“அவனுக்குப் போன வாரம் கல்யாணம் ஆயிருச்சு மச்சான். இப்ப உதை வாங்கிக்கவே நேரம் சரியா இருக்கு.”

மீரா சாஹிப் போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

ஈப்போவில் அவருக்கு ஒரு மாடிக் கட்டடம். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வாடகை அறைகள். இரண்டும் நன்றாகவே ஓடின. மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். எழுபத்தாறாம் வருஷம் பாங்காக் போய் ஒரு கிக் பாக்ஸிங் பார்த்துவிட்டு வந்தாரா, பிடித்தது சனி. அதை மலேசியாவின் தேசிய விளையாட்டு ஆக்காமல் கண்மூடுவதில்லை என்று சபதம் செய்துவிட்டார். சங்கம் ஆரம்பித்தார். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. வீரர்கள் கடை வேலையாட்கள். மத்தியானம் அவர்கள் சற்றுக் கண்ணயரும் நேரம் பயிற்சி நேரமாயிற்று. முனகியவனிடம், “நாட்டுக்காக ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியலயாடா?” என்பார். மூன்று வருஷத்தில் அவர் ஓர் உதைகூட வாங்கியதில்லை. தலைவர்கள் வாங்கும் வழக்கமில்லை.

அன்று காலைதான் சஃபாரி சூட் போட்ட ஒரு புது மனிதர் கடைக்கு வந்தார். சலாஹுதீன் என்று பேர் சொன்னார். மூன்று ரொட்டி சானாயை முடித்து, நாலாவதை வாயில் திணித்துக்கொண்டே, பரோட்டா மாதிரி மாவை வீசிக்கொண்டிருந்த ரொட்டி மாஸ்டர் சிக்கந்தரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். கடையின் காலை வியாபாரமே அந்த சிக்கந்தர் கையில்தான் இருந்தது.

“என்னா கை பாய் அது! யாரு அவன்?”

மீரா சாஹிபுக்குப் புல்லரித்தது. விளையாட்டு இலாகாவுக்கு அவர் எழுதிப் போட்ட மனுக்களுக்கு இதுவரை ஒரு பதிலும் வந்ததில்லை. இதோ, பதில் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறது!

“என் முதல் நம்பர் வீரன் அவன். ஐயா கோலாலம்பூரா? இலாகாவா?”

வாய் நிறைய ரொட்டி. சலாஹுதீன் மென்றார். மெல்லும்போது தலை மேலும் கீழும் ஆடியது. மீரா சாஹிபுக்கு அது போதாதா?

“சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பந்தயம் இருக்கு. இருந்து பாத்துட்டுதான் போகணும்!”

பந்தயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மேல்மாடியில் நல்ல அறையாகப் பார்த்து அவரைப் படுக்க வைத்துவிட்டுத்தான் மீரா சாஹிப் டெலிபோனுக்கு ஓடினார்.

பாரிட் புந்தார் கைவிட்டதும் அவர் கண் டீ ஆற்றும் சன்னாசி மேல் விழுந்தது. சன்னாசி சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். தோட்டத்து ஃபுட்பால் டீமில் பின்வரிசை ஆட்டக்காரன்.

“சன்னாசி, நீ எறங்கு.”

“கையில பட்டா ராத்திரி யாரு மொதலாளி டீ ஆத்துவா?”

நியாயமான கேள்வி. “சரி, உன் கையில அடிக்கக் கூடாது.”

“அப்ப என் கை?” என்றான் சிக்கந்தர். “விடியக்காலைல நாலு மணிக்கு மாவு பெசையணுமே.”

“நீ கையத் தூக்கவே கூடாது. காலால மட்டும்.”

“எனக்கு முட்டி வலி மொதலாளி,” என்றான் சன்னாசி. “நாளெல்லாம் நிக்கிறேன்லா.”

“முட்டியும் கூடாது.”

கல்லாவிலிருந்து ஜொஹரா பீவியின் குரல் வந்தது. “வீங்குன மூஞ்சியோட கோழிக்கறி கொண்டாந்து வச்சா எவன் திம்பான்?”

“மூஞ்சியும் கூடாது!”

“மிச்சம் வயிறுதான் இருக்கு,” என்றான் சன்னாசி. “இப்பத்தான் சோறு தின்னேன்.”

“மெதுவா உதைங்கடா!” என்று கத்தினார் தேசிய விளையாட்டின் தந்தை.

கடைக்குப் பின்சந்தில் துணிக்கொடியைக் கழற்றி நாலு பக்கமும் கட்டினார்கள். தரையில் மாவுச் சாக்கு விரித்தார்கள். பாத்திரம் கழுவும் இருளாயி மணிக்குப் பதிலாகத் தட்டை அடிப்பதாக ஏற்பாடு. ஐந்து மணிக்குச் சந்து கொள்ளாத கூட்டம். பக்கத்து ஸ்டூடியோக்காரர் காமிராவோடு வந்துவிட்டார். சலாஹுதீன் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வீரர்கள் இருவரும் சுற்றினார்கள். மறுபடி சுற்றினார்கள்.

“சண்டையா கல்யாணமா? தாலியக் கட்டிட்டு எறங்குங்கலா!” என்று கூட்டத்தில் ஒருவன் கூவினான்.

ரோஷம் வந்து சிக்கந்தர் கையை ஓங்கினான். சலாஹுதீன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“தம்பி, கை! கை பத்திரம்!”

மீரா சாஹிப் உருகிப் போனார். வீரன்மேல் என்ன அக்கறை! இலாகா என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?

இடைவேளையில் சலாஹுதீன் மெல்ல விசாரித்தார். “எத்தனை மணிக்கு எந்திரிப்பான் பாய்?”

“நாலு மணிக்கு! மத்தியானம் வரைக்கும் உக்கார மாட்டான்.”

“லீவு?”

“மூணு வருசமா ஒரு நாள் இல்ல. பெருநாளைக்குக்கூட நான் விட்டதில்ல!”

“யா அல்லா!” என்றார் சலாஹுதீன். உண்மையாகவே அசந்து போனார்.

இதற்குள் கூட்டம் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. மானம் போகிறதே! மீரா சாஹிப் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்கயிற்றுக்குள் புகுந்தார்.

“உதைக்கத் தெரியுதா உங்களுக்கு? டேய் சன்னாசி, எங்கே, என்னை உதைடா பாப்போம்!”

“நெசமாவா மொதலாளி?”

“ஆம்பளையா இருந்தா உதைடா!”

இவரை எங்கெங்கே உதைக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. மூன்று வருஷமாகத் தூங்காத மத்தியானத் தூக்கமெல்லாம் சன்னாசியின் வலது காலுக்கு வந்து சேர்ந்தது. விட்டான் ஒன்று. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒன்றாகப் பறந்து, இருளாயியின் கழுவுத் தொட்டியில் போய் விழுந்தார்கள்.

“ஐயோ, கழுவி வச்ச மங்கு, தட்டெல்லாம் போச்சே!” என்று அலறிய இருளாயி, அடுத்த கணம் யாரும் சொல்லாமலே தட்டை ஓங்கி அடித்தாள். கூட்டம் “இன்னொரு உதை!” என்று கத்தியது.

சலாஹுதீன் மட்டும் சிரிக்கவில்லை. தொட்டி ஓரமாகக் குந்தி, “பாய், இந்த சிக்கந்தர என்கிட்ட விட்டுருங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நல்லா வச்சுக்குவேன்,” என்றார்.

மீரா சாஹிபின் கண்ணில் நீர் முட்டியது. பாதி சோப்பு, பாதி ஆனந்தம்.

“என்னங்க, நாளைக்கு ரொட்டி யாரு போடுவா?” என்று பதறினாள் ஜொஹரா பீவி.

“நாடு பெருசா, ரொட்டி பெருசாடீ?”

ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து, தன் கையாலேயே சிக்கந்தருக்கு மாலை போட்டார். ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். “எனக்கும் ஒன்னு வேணும், பெருசா,” என்று சலாஹுதீன் சொல்லிவைத்தார். பிறகு சிக்கந்தரின் காதில் ஏதோ முணுமுணுத்தார். அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து சிக்கந்தர் சிரித்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து ரொட்டி போட்டது மீரா சாஹிப். தின்றவர்கள் மறுநாள் வரவில்லை. ஒரு மாதத்தில் காலை நேரத்துப் பெஞ்சுகளில் ஈ மட்டும் உட்கார்ந்தது. அவர் அசரவில்லை. தினமும் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை விரித்து சிக்கந்தர் பேரைத் தேடினார்.

“பேரத் தின்னா பசியாறுமா?” என்று ஜொஹரா பீவி கல்லாவைத் திறந்து காட்டி அழுதாள்.

அப்போதுதான் லாரி டிரைவர் கார்த்திகேசு உள்ளே வந்தான். ஒரு காலத்தில் விடிந்தால் இந்தக் கடையில்தான் அவன் முழிப்பான்.

“டீ மட்டும் போதும் அண்ணே, சாப்பிட்டாச்சு. ஆமா, நம்ம சிக்கந்தரப் பாத்தேன்.”

மீரா சாஹிப் துள்ளி எழுந்தார். “பாத்தியா? எப்படி இருக்கான்?”

“நல்லா ஒரு சுத்து பெருத்துட்டான்.”

“தசைடா, தசை! ஜொஹரா, கேட்டியா? அழுதியே! எங்கடா முகாம் போட்டிருக்காங்க?”

கார்த்திகேசு டீயை ஒரு வாய் உறிஞ்சினான்.

“சிம்பாங் பூலாய்ல சலாஹுதீன் புதுசா ரொட்டிக் கடை தொறந்திருக்காருல்ல, அங்கதான் அண்ணே, நீங்க அவனுக்கு மாலை போடுற படத்த வாசல்ல பெருசா மாட்டியிருக்காங்க, அதப் பாத்துட்டுத்தானே நானே உள்ள போனேன்!”