அட்வான்ஸ் அல்ல, பிள்ளை பெற்ற சம்பளம்

அன்புள்ள வானமாமலை அண்ணனுக்கு,

தாராவியிலிருந்து தங்கை கீதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். எங்கள் தூக்கத்தையும் சேர்த்து தொட்டிலில் கிடக்கும் உங்கள் குட்டி மருமகள் பகலில் தூங்கிவிடுகிறாள். பாண்டுப்பில் நீங்கள் நலமாயிருக்க வேண்டும். போனில் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டேன் என்கிறீர்கள். காகிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது என்பதால் இதை எழுதி, குழந்தையைப் பார்க்கப் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அண்ணியிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிரசவ லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. நான் குர்லா ஆபீசுக்குத் திரும்பப் போவதில்லை. இதைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எனக்குத் திருட்டுப் பட்டம். எங்கள் தெருவில் வேலை செய்யாமல் வாங்கும் பணத்துக்கு ஒரே பெயர்தான், அட்வான்ஸ். உங்கள் மாப்பிள்ளையின் தையல் பட்டறையில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன கட்டிங் மாஸ்டர் இன்னும் வரவில்லையா, அந்தக் கோபம் முழுக்க இப்போது என்மேல்.

"ஏட்டி, நீயும் அவனும் ஒண்ணுதான். ஆறு மாசம் கை நீட்டி வாங்கினா உழைச்சுக் கழிக்கணும்லா?" என்கிறார்.

"நான் அட்வான்சு வாங்கல. பிள்ளை பெத்தேன். அதுக்குச் சட்டப்படி குடுத்த சம்பளம். உங்க மாஸ்டர் பிள்ளை பெத்தாரா?" என்று கேட்டேன்.

நன்றாக யோசித்துவிட்டு, "அவன் பொண்டாட்டி பெத்தா" என்கிறார். இவரோடு என்னத்தைப் பேச?

போவதாகத்தான் இருந்தேன் அண்ணே. போன வாரம் மேனேஜர் போன் செய்து, ஆபீசில் குழந்தைகள் காப்பகம் திறக்கிறோம், பேபியைத் தூக்கிக்கொண்டு வா என்றார். சந்தோஷத்தில் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, சயானில் ரயிலேறி, லேடீஸ் டப்பாவில் இடிபட்டுப் போனால், சாம்பிள் பெட்டி அடுக்கும் அறையில் பலூன் கட்டி, தொட்டில் போட்டு, சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டி, ரிப்பன் வெட்டி, என் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தி ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே இறங்கிய பிறகுதான் பால் பாட்டிலை விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி ஏறினால், தொட்டில் எதிரே இறங்கி வருகிறது. வாடகைத் தொட்டிலாம்! டெம்போக்காரர் தூக்கிப் போகிறார். அறையில் அதற்குள் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை மட்டும் தெரிந்தது. மேனேஜர் முகம் கோணாமல், "போட்டோ தோ ஹோ கயா நா?" என்றார். போட்டோ எடுத்தாகிவிட்டதாம், வேலை முடிந்ததாம். அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. என் பிள்ளையை வைத்து ஒருமுறை ஊரை ஏமாற்றினார்கள். அந்தப் படியில் இனி நான் ஏறமாட்டேன். நிஜத் தொட்டில் இருக்கும் ஆபீஸ் கிடைத்தால் பார்ப்பேன், கிடைக்கும்வரை என் மடி இருக்கிறது.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியும். "எங்க வீட்டுப் பொம்பள பாதியில விட்டுட்டுப் போகமாட்டா" என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்து இந்த வேலையை வாங்கித் தந்தது நீங்கள். அதனால்தான் நேற்று போனில், "படிச்ச பொம்பள வீட்டுல அடைஞ்சு கிடக்கலாமாட்டி? பிள்ளைகளுக்கு ஆம்பள ஒருவேளை சோறு ஊட்டினா தேய்ஞ்சா போயிருவான்?" என்று கத்தினீர்கள். உங்கள் வாக்கு கெடுகிறதே என்பது ஒன்றுதான் எனக்கு வருத்தம். உங்கள் காலில் விழுந்து ஆசி வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவு மாறாது.

இப்படிக்கு,
பிடிவாதத்தில் உங்களைப் போலவே பிறந்த தங்கை,
கீதா

பி.கு.: நேற்று நீங்கள் கத்தியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. பிள்ளைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த அண்ணி கை அசையாமல் முழுவதையும் கேட்டார்கள். பி.காம். முடித்தும் கல்யாணமான நாளாய் நீங்கள் வேலைக்கு விடாத நம் சாருலதா அண்ணிதான். இன்று இருவரும் குர்லா போனோம். நான் படியேறாமல் கீழேயே நிற்க, அண்ணி மேலே போய் மேனேஜரிடம் பேசிச் சம்மதம் வாங்கி வந்தார்கள். திங்கட்கிழமை முதல் என் நாற்காலியில் அண்ணி உட்காருகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தொட்டில் வேண்டாம், டிபன் கட்ட ஆள் போதும். எங்க வீட்டுப் பொம்பள என்றுதானே வாக்குக் கொடுத்தீர்கள்? காப்பாற்றிவிட்டோம். சின்னவனுக்கு இட்லிக்குக் காரம் ஆகாது, சர்க்கரை தொட்டுத்தான் சாப்பிடுவான்.