பளபளக்கும் களவு இன்ஜின்

பளபளப்பு எங்கள் குடும்ப வியாதி. சர்க்கரை, பிரஷர் எல்லாம் மற்ற வீடுகளில். எங்கள் வீட்டில் எதைக் கண்டாலும் தேய்ப்போம். மாத்தளையில் பித்தளைச் சாமானுக்கு மெருகு போடும் பட்டறை எங்களுடையது. தேர்த் திருவிழா வந்தால் கோயில் விளக்கு, மணி, வாகனத்துக் கவசம் எல்லாம் எங்கள் கைக்குத்தான் வரும். "நாலு பேர் பார்க்கப் போற சாமான் மின்னணும்டா" என்பது அப்பாவின் வேதம். அந்த வேதத்தை நம்பித்தான் நான் நாசமாய்ப் போனேன். தனியாகப் போயிருந்தால் பரவாயில்லை, அத்தானையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அப்போது எனக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். நானும் என் கூட்டாளி ரிஸ்வானும் அவனுடைய வெல்டிங் கராஜில் இரும்புக் குழாய்களை ஒட்டி, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் கார் ஒன்றைச் செய்திருந்தோம். (கார் என்று நாங்கள்தான் சொன்னோம். ரிஸ்வானின் வாப்பா அதைக் கட்டில் என்றார்.) எங்களைப் போல ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்காகக் கொழும்புக் கிளப் ஒன்று பந்தயம் வைத்தது. கார் இன்ஜின் பூட்டக்கூடாது, மோட்டார் சைக்கிள் இன்ஜின்தான். அதுவும் இருநூற்றைம்பது சிசிக்கு மேல் போகக்கூடாது. சிலிண்டரைக் குடைந்து பெருப்பிக்கக்கூடாது. கார்பரேட்டரை மாற்றக்கூடாது. நாட்டில் பதிவான பைக்கின் இன்ஜினாக இருக்க வேண்டும். இன்ஜினில் அடித்த நம்பரும் பைக்கின் பதிவுப் புத்தகத்து நம்பரும் ஒத்துப்போக வேண்டும். இதையெல்லாம் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்து, டீக்கடையில் யார் அகப்பட்டாலும் ஒப்பிப்பேன். ஆட்கள் என்னைக் கண்டதும் பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

சட்டம் கையில் இருந்தது, இன்ஜின்தான் இல்லை. அது என் அக்கா புருஷனிடம் இருந்தது. அத்தான் மரக்கறி வியாபாரி. விடியுமுன் பைக்கில் தம்புள்ளைச் சந்தைக்குப் போய், லொறிகள் மூட்டை இறக்கும்போதே நல்ல சாமானைப் பேசி முடித்து, மாத்தளைக் கடைகளுக்கு ஏற்றி அனுப்புவார். அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது அந்த பைக்கால்தான்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம, அத்தான். ராவைக்கே திரும்பப் பூட்டித் தந்துருவேன்" என்றேன்.

"ஒத்தத் தம்பி, ஆசையா கேக்குறான்லங்க" என்றாள் அக்கா. (பாவி! அங்கேயே என் வாயில் ஒன்று போட்டிருக்கலாம்.)

"திங்கக்கெழம பைக் ரோட்டுல ஓடணும், தம்பி. எனக்கு அது போதும்" என்றார் அத்தான்.

பந்தயத்துக்கு முதல் நாள் காரைப் பார்த்தேன். இன்ஜின், ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் திறந்தபடி கிடந்தது. தம்புள்ளை ரோட்டுச் சேறு முழுவதையும் குடித்த இன்ஜின். கொழும்பு ஆட்கள் பார்க்கப் போகிறார்களே, மானம் போகுமே! கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனேன். முதலில் எமரிச் சக்கரம், பிறகு துணிச் சக்கரம். அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் திட்டில் மட்டும் கறுப்புக் கறுப்பாக ஏதோ அப்பிக்கொண்டு துணிக்கு மசியவில்லை. விடுவேனா? மறுபடி எமரியில் வைத்து அழுத்தினேன். சுத்தமாய்ப் போய்விட்டது. அப்பா வந்து அதில் தன் முகத்தைப் பார்த்தார். "இப்பத்தான்டா நீ என் மகன்" என்றார். அந்த மனுசன் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் பந்தயத் திடலுக்கு அத்தானும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாகனங்களைச் சோதிக்கிற சிங்கள ஐயா ஒருவர் எங்கள் காரை அளந்தார். அவர் கேட்குமுன்பே நான் ஒவ்வொரு சட்டமாக ஒப்பித்தேன். சிசி சரி, சிலிண்டர் சரி, கார்பரேட்டர் சரி. பிறகு அவர் டோர்ச்சை அடித்துக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"நம்பர் எக்க கோ, மல்லி?" என்றார். நம்பர் எங்கே தம்பி?

பெருமையோடு நானும் குனிந்தேன். அந்தத் திட்டில் என் முகம்தான் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்துத் தள்ளியது, மசகு ஏறிக் கறுத்திருந்த இன்ஜின் நம்பர்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து பைக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னோட பைக்குங்க சார். நாந்தாங்க டெய்லி ஓட்டுறேன்" என்று சிங்களத்தில் கெஞ்சினார்.

"இருக்கலாம். ஆனால் நம்பரைத் தேய்த்த இன்ஜின் வழமையாக எங்கிருந்து வரும் என்று உங்களுக்கே தெரியுமே" என்றார் அந்த ஐயா, மரியாதையாகத்தான்.

பின்னால் நின்ற கொழும்புப் பையன் ஒருவன் "ஹொர படு" என்றான். கள்ளச் சாமானாம். நாலு பேர் சிரித்தார்கள். தராசில் விரல் வைத்தறியாத மனுசன் என் அத்தான். புத்தகத்தை மடித்துப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"தேச்சது நீயா?" என்றான் ரிஸ்வான். தலையை ஆட்டினேன். "யா அல்லாஹ்! களவெடுக்காமலே கள்ளனான ஒரே ஆள் ஒங்கட அத்தான்தான் மச்சான்!"

எங்களைப் பந்தயத்தில் ஓட விடவில்லை. சொன்னபடி அன்றைக்கே இன்ஜினைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். (சொன்ன சொல் தவறாதவன் பாருங்கள்!) திங்கட்கிழமை பைக் ஓடியது. அதே வாரம் வழியில் பொலிஸ் மறித்து டோர்ச் அடித்தது. நம்பர் இல்லாத பைக் ரோட்டில் ஏறக்கூடாதாம், அதோடு சரி. புது நம்பர் அடித்துத் தரச் சொல்லி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். எல்லோரும் நம்பரைக் கேட்டார்கள். நாங்கள் பளபளப்பைக் காட்டினோம். அத்தான் பஸ்ஸில் தம்புள்ளைக்குப் போனார். அவர் போய்ச் சேரும்போது நல்ல லீக்ஸும் கரட்டும் போயிருக்கும், வாடியதுதான் மிஞ்சும். மாத்தளைக் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்தார்கள். இப்போது அவர் தம்புள்ளையில் இன்னொருவர் கடையில் மூட்டை நிறுக்கிறார். பைக் அக்கா வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. மற்றதெல்லாம் துருப்பிடித்துவிட்டது, இன்ஜின் மட்டும் இன்னும் மின்னுகிறது. சனியன்!

போன வருஷம் அக்கா மகளுக்குப் பேர் வைத்தார்கள். தாய்மாமன் என்று பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். காதில் பேரைச் சொல்லி முடித்ததுதான் தாமதம், அத்தான் எழும்பினார்.

"பேரு வெச்சாச்சில்ல? புள்ளய வாங்கிருங்க. கொஞ்ச நேரம் விட்டா தேச்சே அழிச்சிருவான்."

வீடு அதிரச் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்தாலும் என்னைப் பார்த்து இதைச் சொல்லாமல் விடுவதில்லை, நானும் பல்லைக் காட்டுகிறேன். அன்றைக்கு அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. தம்புள்ளை பஸ் போய்விடும் என்று சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.