என் தலைவிதியை எழுதியது நானேதான்

என் தலைவிதிக்கு ஆண்டவனைக் குறை சொல்ல வழியே இல்லை. அதை எழுதியது நான்தான். கம்ப்யூட்டரில், இரண்டே விரலால்.

போன மார்ச்சில் ஒரு சபதம் எடுத்தேன். லைப்சிக் நகரத்திலேயே குப்பை மெயில் எட்டிப் பார்க்காத ஒரே வீடு என் வீடாக இருக்க வேண்டும்! சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வாங்கி வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். அதற்குக் காவலாக ஒரு ஃபயர்வால். யாரை உள்ளே விடலாம், யாரை விரட்டலாம் என்று நாம் வரி வரியாக விதி எழுத வேண்டும். அது மேலிருந்து படித்துக்கொண்டு வரும். பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். புத்தகத்தில் அடிக்கோடே போட்டிருக்கிறேன்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? முதல் விதி: ‘எவனையும் விடாதே.’ இரண்டாம் விதி: ‘மெயிலை மட்டும் விடு.’ இந்த வரிசையில் எழுதிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

மூன்று வாரம் ஒரு குப்பை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அன்னெக்ரெட், பாத்தியா? ஒண்ணுகூட வரல!” என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

“குப்பை வரல, சரி. நல்லது ஏதாவது வந்துச்சா?”

“எல்லாத்தையும் வடிகட்டியிருக்கேன்டி!”

“வடிகட்டினா காபி கீழ இறங்கணும், எக்கார்ட். உன் கப்பு காலியா இருக்கே?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியாதுதான். நான் வேலை பாக்கற லைப்ரரிலேருந்து மூணு நாளா ‘ரொட்டி வாங்கிட்டு வா’ன்னு மெயில் போட்டேன். வாங்கினியா?”

“ரொட்டிக்கெல்லாமா மெயில் போடுவாங்க!” என்று சிரித்தேன். எழுந்துபோய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏனென்றால், ஆற்றங்கரைத் தோட்டச் சங்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு துண்டு நிலத்துக்காகப் பெயர் பதிந்துவிட்டு நான்கு வருஷமாகக் காத்திருந்தேன். அங்கே ஒரு செர்ரி மரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு வருவேன். வயதான காலத்தில் அதன் அடியில் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மே மாதம் சங்கத் தலைவர் வுட்கே தெருவில் எதிர்ப்பட்டார்.

“என்ன சார், தோட்டம் வேண்டாமா? ரெண்டு வாட்டி மெயில் போட்டேன், ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. பதினாலு நாள் பாத்துட்டு, விதிப்படி பட்டியல்ல அடுத்த பேருக்குக் கொடுத்தாச்சு.”

நடுத்தெருவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “யார் சார் அந்தப் புண்ணியவான்?”

“புண்ணியவதி! உங்க வீட்டம்மாதான். நீங்க பதிஞ்ச மறுநாளே வந்து பதிஞ்சாங்களே. லைப்ரரி மெயில் குடுத்திருந்தாங்க, உடனே பதில் வந்துச்சு.”

ஓடினேன். செர்ரி மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“நாலு வருஷத்துக்கு முன்னாடியே என்னை நம்பலையா நீ?”

“உன்னை நம்பினேன். உன் சாமர்த்தியத்தைத்தான் நம்பல.”

“தப்புதான், ஒத்துக்கறேன். கதவைத் திற.”

“கதவுல விதி எழுதி மாட்டியிருக்கேன், படி.”

படித்தேன். ஒன்று: யாரும் உள்ளே வரக் கூடாது. இரண்டு: எக்கார்ட் மட்டும் வரலாம்.

“அடியே, வரிசை தப்பு! முதல் விதியிலேயே நின்னுடும். ரெண்டாவதுக்கு வேலையே இல்லை!”

“அட, இப்ப புரியுதே! போய் ரொட்டி வாங்கிட்டு வா.”